மார்வெல் வெர்சஸ் கேப்காம் இன்ஃபினிட்: ரசனையைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் குறையுள்ள ஆட்டம்தானா?

ஆறாம்விரல்

டிராகன் பால் ஃபைட்டர்ஸ் என்ற இன்னொரு சண்டை ஆட்டத்தின் இழையில் தொடங்கிய சண்டை திசைமாறிப் போனதால் தனியாகத் திறக்கிறேன். மார்வெல் நாயகர்களும் கேப்காம் நிறுவனத்தின் ஆட்டக் கதாபாத்திரங்களும் மோதும் வீடியோ சண்டை ஆட்டமாக 2017 செப்டம்பரில் வந்த இன்ஃபினிட் பற்றி "எனக்குப் பிடிக்கவில்லை" என்ற பேச்சே இங்கே வேண்டாம். யார் பார்த்தாலும் ஒப்புக்கொள்ள வேண்டிய குறை ஏதாவது உண்டா என்பதுதான் கேள்வி. உண்டு என்பது என் கட்சி.

முதலில் கதைப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மார்வெல் வில்லன் அல்ட்ரானும் கேப்காம் வில்லன் சிக்மாவும் ஒன்றாகச் சேர்ந்து இரண்டு உலகங்களையும் ஒட்டிவிடுகிறார்கள் என்பதுதான் மொத்தக் கதையும். அந்தச் சிக்மாவை வைத்து நாம் ஆட முடியுமா என்றால், வெளியான அன்று முடியாது. தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கதையில் வந்து போகும் பிளாக் பேந்தருக்கும் மான்ஸ்டர் ஹன்டருக்கும் அதே நிலைமைதான். முழு விலை கொடுத்து வாங்கிய ஒருவர் கதையின் பாதி வில்லனைக் கண்ணால் மட்டும் பார்க்கலாம் என்பதை ரசனை என்ற கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

அடுத்தது எக்ஸ்-மென். இந்த வரிசையின் வேரே அவர்கள்தான். 1994-இல் எக்ஸ்-மென்: சில்ட்ரன் ஆஃப் தி ஆட்டம், 1996-இல் எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர். அதற்கப்புறம்தான் மார்வெல் வெர்சஸ் கேப்காம் என்ற பெயரே வந்தது. இன்ஃபினிட்டில் வுல்வரினும் இல்லை, மேக்னெட்டோவும் இல்லை, ஸ்டார்மும் இல்லை. வீட்டைக் கட்டியவர்களையே கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் விட்ட மாதிரி இருக்கிறது.

மூன்றாவது, கதாபாத்திரங்களின் விகாரமான முகங்கள். அதைப் பற்றி நான் எழுதவே வேண்டாம், எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

நள்ளிரவுப்பூனை

ஆறாம்விரல் அண்ணே, நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றுகூட ஆட்டத்தைப் பற்றியது இல்லை. ஒன்று விற்பனை முறை, ஒன்று உரிமப் பிரச்சினை, ஒன்று ஓவியம். சண்டை ஆட்டம் என்பது இரண்டு பேர் உட்கார்ந்து பொத்தானை அழுத்தும்போது நடப்பது. அதில் குறை காட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

நான் ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். சுன்-லி எதிராளியின் பக்கத்தில் வந்து மின்னல் உதை போடுகிறாள். எதிராளி தடுக்கிறான். உதை ஓடிக்கொண்டிருக்கும்போதே, அணியின் இரண்டாவது ஆளை உள்ளே இறக்கும் ஸ்விட்ச் பொத்தானை அழுத்துகிறேன். சுன்-லி உதைத்துக்கொண்டே இருக்கிறாள், அதே நேரம் டான்டே உள்ளே ஓடி வருகிறான். இப்போது டான்டே என் கையில். குதித்து அந்தப் பக்கம் இறங்கலாம், இறங்குவது போலக் காட்டி இந்தப் பக்கமே நின்றுகொள்ளலாம், கீழே அடிக்கலாம், பிடித்தும் தூக்கலாம். எதிராளி எந்தப் பக்கம் தடுப்பது என்று கால் நொடியில் முடிவு செய்ய வேண்டும். இதைத்தான் ஆக்டிவ் ஸ்விட்ச் என்கிறார்கள்.

முந்தைய ஆட்டங்களில் அசிஸ்ட் (துணை ஆள் ஓடி வந்து ஒரு அடி போட்டுவிட்டுப் போவது) என்றால், ஆட்டம் தொடங்கும் முன் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்வோம். கடைசிவரை அந்த ஒரே அடிதான் வரும். இங்கே ஒரு கதாபாத்திரத்திடம் உள்ள அத்தனை அடியும் அசிஸ்ட்தான். எதை எப்போது இணைப்பது என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். இந்த வரிசையில் இதைவிடச் சுதந்திரமான டேக் (ஆள் மாற்றி ஆடும்) முறை வந்ததே இல்லை என்பேன்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு முந்தைய ஆட்டமான அல்டிமேட் மார்வெல் வெர்சஸ் கேப்காம் 3-இல் ஒரு தொடுதல் பட்டால் அந்தக் கதாபாத்திரம் முடிந்தது, கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இன்ஃபினிட்டில் கவுன்ட்டர் ஸ்விட்ச் இருக்கிறது. சண்டையில் சேரும் சக்தியான மீட்டரில் இரண்டு பார் கொடுத்தால் அடிபடும்போதே துணையை உள்ளே இறக்கலாம். அடிப்பவனும் அதை எதிர்பார்த்து நடுவில் நிறுத்திக் காத்திருக்கலாம். அடி வாங்குபவனுக்கும் ஒரு முடிவெடுக்கும் வேலை கிடைக்கிறது. இது முன்னேற்றம் இல்லையா?

செங்காந்தள்

இரண்டு பேருமே ஒரு ஆட்டத்தைப் பற்றிப் பேசாமல் விட்டுவிட்டீர்கள். 2000-இல் வந்த மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2. அதை நடுவில் வைக்காமல் இந்த விவாதத்தை நடத்தவே முடியாது.

56 கதாபாத்திரங்கள். போட்டிகளில் வருடக்கணக்கில் திரையில் இருந்தவர்கள் யார்? மேக்னெட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள். அப்புறம் அசிஸ்டுக்காக சைக்ளாப்ஸ், கேப்டன் கமாண்டோ மாதிரி சிலர். மீதிப் பேரில் பாதிக்கு மேல் முக்கியப் போட்டி மேடையையே பார்க்கவில்லை. மேக்னெட்டோவுக்கும் அயர்ன் மேனுக்கும் முடிவே இல்லாத காம்போ (எதிராளி தப்ப முடியாத அடித் தொடர்) இருக்கிறது. ஜக்கர்நாட் தன் பலத்தைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டால், திரும்ப வரும்போதும் அந்தப் பலம் குறையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், அப்பட்டமான பிழை. மாரிகனின் உருவம் 1994-இன் டார்க்ஸ்டாக்கர்ஸில் வரைந்ததை அப்படியே எடுத்து வைத்தது. மற்றவர்கள் பக்கத்தில் நிற்கும்போது கோடு கோடாகத் தெரிகிறாள்.

சமநிலை இல்லை, பிழை இருக்கிறது, பழைய படங்களை மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள். அளவுகோலை வைத்து அளந்தால் இன்ஃபினிட்டைவிட இதுதான் அதிகக் குறையுள்ள ஆட்டம். ஆனாலும் சண்டை ஆட்டங்களின் பெரிய வருடாந்தரப் போட்டியான ஈவோவின் மேடையில் பத்து வருடம் நின்றது. இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். ஆகவே "குறை உள்ளது" என்று நிரூபித்துவிட்டால் "மோசமானது" என்று நிரூபித்ததாக ஆகாது. ஆறாம்விரல் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார் என்று எனக்குப் படுகிறது.

ஆறாம்விரல்

செங்காந்தள், நல்ல இடத்தில் பிடித்தீர்கள். என் பதில் இதுதான். ஒரு ஆட்டம் எதைத் தருவதாகச் சொல்கிறதோ அதை வைத்தே அதை அளக்க வேண்டும். வெர்சஸ் 2 சமநிலையைத் தருவதாக யாரிடமும் சொல்லவில்லை. "இத்தனை பேரையும் ஒரே மேடையில் கொட்டுகிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னது, கொட்டியது. அதன் வேலை முடிந்தது.

இன்ஃபினிட் தருவதாகச் சொன்னது என்ன? இரண்டு உலகங்கள் மோதும் பிரம்மாண்டம். கதைப் பகுதியை விளம்பரத்தின் முன்வரிசையில் வைத்தார்கள். அங்கேதான் அது சறுக்குகிறது. கேப்காம் உலகமும் மார்வெல் உலகமும் ஒட்டிக்கொண்டதாகப் பெயர்களை மட்டும் ஒட்டிவிட்டு, காட்சிகளில் எல்லாரும் பொம்மை போல நிற்கிறார்கள்.

எக்ஸ்-மென் இல்லாததைக் கேட்டபோது வந்த விளக்கம் நினைவிருக்கிறதா? 2017-இல் கேப்காம் தரப்பிலிருந்து ஒருவர் பேட்டியில் சொன்னதன் சாரம்: மேக்னெட்டோவை விரும்புகிறவர்கள் உண்மையில் விரும்புவது அவன் எட்டுத் திசையிலும் பாய்வதை, அதை நோவாவும் கேப்டன் மார்வெலும் அல்ட்ரானும் செய்கிறார்கள். கதாபாத்திரம் என்பது ஒரு செயல்பாடு மட்டும் என்ற இந்தப் பார்வைதான் ஆட்டத்தின் அடிப்படைக் கோளாறு. அப்படியானால் மார்வெல் எதற்கு, கேப்காம் எதற்கு? பெயரில்லாத முப்பது கட்டங்களை வைத்து ஆடலாமே. வெவ்வேறு உலகத்து ஆட்களைச் சேர்த்து வைக்கும் கிராஸ்ஓவர் என்ற வகையின் உயிரே அந்த ஆள் யார் என்பதில்தான் இருக்கிறது.

நள்ளிரவுப்பூனை

அந்தப் பேட்டி மோசமான பேட்டி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேட்டி டிஸ்க்கில் இல்லை.

தூரதேசி

இழையை ஆரம்பத்திலிருந்து படித்துவிட்டு வருகிறேன். இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு சோதனை என்னிடம் இருக்கிறது. ஒரு விஷயத்தைத் திருத்துங்கள். திருத்திய பிறகு "பழையபடியே வேண்டும்" என்று யாரும் வரவில்லை என்றால் அது குறை. பாதிப் பேர் வந்தால் அது ரசனை.

சுன்-லியின் முகத்தை இதில் வைத்துப் பாருங்கள். 2017 ஜூனில் கதையின் டெமோ வந்தபோது அந்த முகத்தைப் பார்த்து உலகமே கத்தியது. முழு ஆட்டம் வருவதற்குள் மாற்றினார்கள். டெமோ முகம்தான் அழகு என்று சண்டை போட ஒருவரும் இல்லை. ஆகவே அது குறை. இதில் ரசனை எங்கே வந்தது?

மொத்த ஆட்டத்தையும் இதே சோதனையில் வைக்க 2024-இல் ஒரு வாய்ப்பு கிடைத்தது. ரசிகர்களே சேர்ந்து இன்ஃபினிட் அன்ட் பியாண்ட் என்ற மோட் (ஆட்டத்தை மாற்றியமைக்கும் ரசிகர் படைப்பு) செய்து வெளியிட்டார்கள். கணினியில் ஆடுகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒளி, நிழல், நிறம் எல்லாம் மாறிவிட்டது. காமிக் புத்தகத்தில் மை வைத்து வரைந்தது போன்ற கோடுகள், தட்டையான அழுத்தமான வண்ணங்கள். மேடைகள், மெனு, இசை என்று பார்க்கும் எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறார்கள். பழைய ஆட்டத்தில் தோரின் கவசமும் தோலும் ஒரே பிளாஸ்டிக் பளபளப்பில் இருக்கும். மோடில் அதே உருவம், அதே அசைவு, ஆனால் ஒரு ஆள் நிற்கிறான் என்று தெரிகிறது.

இதில் இரண்டு விஷயம் நிரூபணமாகிறது. தோற்றம் குறையுள்ளதுதான், மோடைப் போட்டுவிட்டு அதைக் கழற்றிப் பழைய தோற்றத்துக்குப் போகிறவர்களை நான் பார்க்கவில்லை. அதே சமயம் ஆக்டிவ் ஸ்விட்ச் என்ற எலும்புக்கூட்டை அவர்கள் தூக்கி எறியவில்லை. அதன் மேல்தான் இவ்வளவு உழைப்பையும் கொட்டினார்கள். கெட்டுப்போன ஆட்டத்துக்கு யாரும் சம்பளமில்லாமல் இப்படி உழைக்க மாட்டார்கள்.

குமிழ்

தூரதேசி, சோதனை அழகாக இருக்கிறது. ஆனால் அது பெரும்பான்மை ரசனையைத்தான் அளக்கிறது. சுன்-லி முகத்தில் எல்லோரும் ஒத்துப்போனதால் எளிதாக முடிந்துவிட்டது. கஷ்டமான ஒன்றை அதில் போட்டுப் பாருங்கள்.

2011 பிப்ரவரியில் மார்வெல் வெர்சஸ் கேப்காம் 3 வந்தபோது சென்டினலின் உயிர் 13,00,000. மற்றவர்கள் பெரும்பாலும் பத்து லட்சத்துக்கு முன்பின். ஒரு மாதத்தில் பேட்ச் (நிறுவனம் அனுப்பும் திருத்தம்) வந்து 9,05,000 ஆக்கியது. அப்போது ஆடியவர்களுக்குத் தெரியும், "அவசரப்பட்டுவிட்டார்கள், நாமே வழி கண்டுபிடிக்க விட்டிருக்க வேண்டும்" என்று கொதித்தவர்கள் நிறைய. பழைய சென்டினல் வேண்டும் என்றும் கேட்டார்கள். அப்படியானால் உங்கள் சோதனைப்படி 13 லட்சம் குறையில்லை, ரசனை என்று ஆகிவிடும். எனக்கு அது சரியாகப் படவில்லை.

அதே ஆட்டத்தில் கொஞ்ச நேரம் பலத்தைக் கூட்டித் தரும் எக்ஸ்-ஃபாக்டரும் அப்படித்தான். கடைசி ஆள் ஒருவன் மட்டும் மிஞ்சும்போது மூன்றாம் நிலை எக்ஸ்-ஃபாக்டர் போட்டு எதிராளியின் மூன்று பேரையும் சாய்த்துவிடலாம். இரண்டு நிமிடம் நன்றாக ஆடியவன் ஒரு தவறில் தோற்கிறான். அதைக் குறை என்று சொல்கிறவர்களும் சரி, அதுதான் அந்த ஆட்டத்தின் இதயம் என்று சொல்கிறவர்களும் சரி, இன்றுவரை ஓயவில்லை. ஈவோ அரங்கில் மக்கள் நாற்காலியை விட்டு எழுந்து கத்தியது பெரும்பாலும் அந்தக் கடைசி ஆள் திரும்பி வந்தபோதுதான்.

என் கட்சி: ஆட்டம் திறக்கவில்லை, நடுவில் நின்றுவிடுகிறது, பொத்தான் அழுத்தினால் வேலை செய்யவில்லை, இவை யார் பார்த்தாலும் குறை. இதைத் தாண்டினால் எல்லாம் "எனக்கு என்ன வேண்டும்" என்பதுதான்.

தூரதேசி

அவ்வளவு குறுக்கினால் விமர்சனம் என்ற ஒன்றே மிஞ்சாது, குமிழ். சென்டினல் விஷயத்தில் கோபப்பட்டவர்கள் 13 லட்சம் சரி என்று சொல்லவில்லை. எப்போது திருத்துவது என்பதில்தான் கோபம். காரணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நள்ளிரவுப்பூனை

நான் தான் முதலில் "ஆட்டத்தில் குறை காட்டுங்கள்" என்று கேட்டேன். யாரும் காட்டாததால் நானே ஒன்றை எடுத்து வைக்கிறேன், ஏனென்றால் இந்த ஆட்டத்தை நேசிக்கிறவர்கள்தான் இதைச் சரியாகச் சொல்ல முடியும்.

ஸ்டோன்கள், அதாவது மார்வெல் கதைகளின் இன்ஃபினிட்டி ஸ்டோன்கள். மொத்தம் ஆறு. 1995-இன் மார்வெல் சூப்பர் ஹீரோஸில் இருந்த யோசனையை எடுத்து அணிக்கு ஒரு ஸ்டோன் என்று வைத்தார்கள். யோசனை அபாரம். உங்கள் இரண்டு பேருக்கும் எது குறைவோ அதை ஸ்டோனால் நிரப்பிக்கொள்ளலாம். ஹல்க், ஹாகர் மாதிரி கனமான ஆட்களை வைத்திருப்பவர் ஸ்பேஸ் ஸ்டோனை எடுத்து எதிராளியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். டைம் எடுத்தால் எதிரியைத் தாண்டி அந்தப் பக்கம் பாயலாம். இதுவரை எல்லாம் அருமை.

ஆனால் ரியாலிட்டி ஸ்டோனைப் பாருங்கள். ஒரு பொத்தான், எதிரியைத் தேடிக்கொண்டு மெதுவாகப் போகும் ஒரு உருண்டை. அதற்குப் பின்னால் எந்தக் கதாபாத்திரமும் பத்திரமாக உள்ளே போகலாம். எந்த அணிக்கும் பொருந்துகிறது. பவர் ஸ்டோன் தருவது சுவரில் மோதவிட்டுக் காம்போவை நீட்டும் அடி. அதைப் பயன்படுத்த முதலில் எதிரியைத் தொட்டாக வேண்டும். ஒன்று தொடுவதற்கு வழி செய்கிறது, இன்னொன்று தொட்ட பிறகுதான் உதவுகிறது. இரண்டுக்கும் ஒரே விலை. இது எண்ணைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்கிற விஷயம் இல்லை, அமைப்பிலேயே உள்ள சாய்வு. இதை ரசனை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஸ்பேஸ் ஸ்டோனின் ‘ஸ்டார்ம்’ என்ற பெரிய சக்தியும் அப்படித்தான் (எக்ஸ்-மென் ஸ்டார்ம் இல்லை). எதிராளியை ஒரு பெட்டிக்குள் அடைத்துவிடும். ஏற்கெனவே மூலையில் இருப்பவனை அடைத்தால் அவனுக்கு நகரவே இடமில்லை. தடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லாத நொடிகள் அவை.

ஆறாம்விரல்

இதை நான் எழுதியிருந்தால் "வெறுப்பில் எழுதுகிறான்" என்றிருப்பார்கள். நீங்கள் எழுதியதால் எடை கூடுகிறது. ஆனால் கவனியுங்கள், நீங்களும் என் அளவுகோலைத்தான் எடுத்திருக்கிறீர்கள். ஸ்டோன் எதற்காக வைத்தார்களோ, அந்த நோக்கத்தோடு அது ஒத்துப்போகவில்லை என்கிறீர்கள். ஆறும் ஆறு விதமான அணிகளுக்கு உதவ வேண்டும், ஒன்று எல்லாவற்றுக்கும் உதவுகிறது.

செங்காந்தள்

சோல் ஸ்டோனை விட்டுவிட்டீர்களே! விழுந்த துணையை எழுப்பி இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் திரையில் ஓடவிடுகிறது. எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்தது அதுதான். செத்தவன் திரும்பி வருவது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை. ஆனால் மார்வெல் என்ற பெயர் போட்ட ஆட்டத்தில் நியாயத்தை எதிர்பார்த்து உட்காருபவர் யார்? வெர்சஸ் 2-இன் கேபிள் எத்தனை பார் மீட்டர் இருக்கிறதோ அத்தனை முறை வானத்திலிருந்து கதிரைப் பாய்ச்சுவான். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்.

ஒரு சின்ன விஷயம், தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே. குறை என்று பேசும்போது இந்த வகை ஆட்டத்துக்கே உள்ள ஒரு சாபத்தையும் சொல்ல வேண்டும். உரிமம். 2013 டிசம்பரில் வெர்சஸ் 2-ஐயும் அல்டிமேட் 3-ஐயும் டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். அல்டிமேட் 3 2016-இல் பிஎஸ்4-க்குத் திரும்பியது. வெர்சஸ் 2 கன்சோலுக்குத் திரும்ப 2024 செப்டம்பர் ஆகிவிட்டது, அதுவும் பழைய ஆட்டங்கள் ஏழைச் சேர்த்த தொகுப்பாக. எவ்வளவு சமநிலையாகச் செய்தாலும், எவ்வளவு அழகாக வரைந்தாலும், இரண்டு நிறுவனங்களின் ஒப்பந்தம் முடிந்த நாளில் கடையிலிருந்து மறைந்துவிடக்கூடிய ஆட்டம் இது. கையில் டிஸ்க் வைத்திருப்பவர்கள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

குமிழ்

விற்பனையைப் பற்றி யாரும் பேசவில்லை, நல்லது. 2018 ஈவோ பட்டியலில் இன்ஃபினிட் இல்லை என்பதை ஆதாரமாக யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

ஆறாம்விரல்

கொண்டுவர மாட்டேன். அந்த வருடம் ஜனவரியில் டிராகன் பால் ஃபைட்டர்ஸ் வந்தது. டேக் சண்டை, அனிமே படத்தை நிறுத்தி வைத்தது போன்ற காட்சி, மூன்று பேர் அணி. இன்ஃபினிட்டை விட்டு எல்லோரும் அங்கே ஓடினார்கள். கூட்டம் ஓடுவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் அந்த ஆட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், தோற்றம் சண்டையின் ஒரு பகுதி என்று எனக்கு உறைத்தது. அங்கே ஒரு அடி விழுந்தால் விழுந்தது தெரியும். திரை நிற்கும், வண்ணம் வெடிக்கும், யார் யாரை அடித்தார் என்று பின்வரிசையில் இருப்பவனுக்கும் புரியும். இன்ஃபினிட்டில் நான்கு பேர் மங்கிய பின்னணியில் மங்கிய நிறத்தில் புரள்கிறார்கள். சுன்-லி எங்கே, டான்டே எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. நள்ளிரவுப்பூனை முதலில் விவரித்தாரே அந்த ஸ்விட்ச் காட்சி, அதில் எதிராளி கால் நொடியில் முடிவு செய்ய வேண்டும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒன்றை வைத்து எப்படி முடிவு செய்வான்? ஆகவே ஓவியம் வேறு, ஆட்டம் வேறு என்று பிரித்ததை நான் ஏற்கவில்லை.

நள்ளிரவுப்பூனை

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆடிப் பழகியவன் படத்தைப் பார்ப்பதில்லை, அசைவின் தொடக்கத்தைத்தான் பார்க்கிறான் என்று சொல்லலாம். ஆனால் பழகும் வரைக்கும் ஒருவன் தங்க வேண்டுமே, அதற்குப் படம் வேண்டும். அண்ணே, இந்த ஒரு இடத்தில் உங்கள் பக்கம் வருகிறேன். சிக்மாவைத் தனியாக விற்றதிலும் உங்கள் பக்கம்தான். ஆனால் ஆக்டிவ் ஸ்விட்சை விட்டுத்தர மாட்டேன். அடுத்து ஒரு மார்வெல் வெர்சஸ் கேப்காம் வந்தால், அசிஸ்ட் முறைக்குத் திரும்பிப் போய் இதைப் புதைத்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

இளவேனில்

முழுவதும் படித்தேன். இந்த வரிசையில் எதையுமே ஆடியதில்லை. எதில் தொடங்குவது?

நள்ளிரவுப்பூனை

இன்ஃபினிட். கணினி இருந்தால் மோடோடு. மூன்று பேர் அணியை விட இரண்டு பேர் அணி கைக்கு அடங்கும், லைட் பஞ்ச் பொத்தானையே தொடர்ந்து அழுத்தினால் ஒரு காம்போ தானாக வரும், இணையத் தாமதத்தைச் சமாளிக்கும் ரோல்பேக் இருப்பதால் தூரத்தில் உள்ளவரோடும் ஆடலாம். ரியூ, மெகா மேன் எக்ஸ் இரண்டு பேரையும் எடுங்கள். பயிற்சி அறைக்குப் போய் ரியூவை வைத்து ஹடோகன் என்ற சக்திப் பந்தைப் போடுங்கள், பந்து பறக்கும்போதே ஸ்விட்ச் செய்து எக்ஸை அதன் பின்னால் ஓடவிடுங்கள். அது கைக்கு வந்த பிறகு ஸ்டோனைப் பற்றி யோசிக்கலாம்.

செங்காந்தள்

கூடவே வெர்சஸ் 2-ஐயும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இளவேனில். யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டாம், ரேண்டம் போட்டு ஆடுங்கள். சோல் ஸ்டோன் பற்றித் தனி இழை திறக்கிறேன், ஆறாம்விரல் அங்கே வர வேண்டும்.